மூன்றாம் வரிசைக்காரர்

அத்தியாயம் 7

சனிக்கிழமை மத்தியானம் ஆகிவிட்டால் மருந்துக்கடைக்காரருக்குக் கடையில் கால் நிற்காது. இருமல் மருந்து கேட்டு வருகிறவரிடம், "எத்தனை நாளா இருமல்?" என்று விசாரிக்கும் பொறுமைகூடப் போய்விடும். பாட்டிலை எடுத்து வைப்பார், கடிகாரத்தைப் பார்ப்பார், மறுபடியும் பாட்டிலைப் பார்ப்பார்.

கடைத் தெருவுக்கே அது பழகிப்போன விஷயம். "ஐயாவுக்கு இன்னிக்கு நாடகம். சட்டுபுட்டுன்னு வாங்கிட்டுக் கிளம்புங்க" என்று எதிர்க்கடைக்காரரே ஆட்களை விரட்டுவார்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே இப்படித்தான். மழை கொட்டினாலும் சரி, கடையில் சரக்கு வந்து இறங்கினாலும் சரி, சனிக்கிழமை மாலைக் காட்சிக்கு மூன்றாவது வரிசையில், நடைபாதையை ஒட்டிய நாற்காலியில் அவர் இருப்பார். முன்னால் போனால் நடிகர்களின் முகப்பூச்சு மட்டும்தான் தெரியும், பின்னால் போனால் கண் தெரியாது என்பது அவர் கட்சி. அரங்கத்தில் அவருக்கு 'மூணாவது வரிசை' என்றே பெயர். அவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் மணி அடிப்பார்கள் என்று ஒரு கிண்டலும் உண்டு.

நாடகம் முடிந்ததும் வாசல் டீக்கடையில் அவரைச் சுற்றிச் சின்னதாக ஒரு கூட்டம் சேரும். யார் பிரமாதப்படுத்தினார்கள், யார் வசனத்தை விழுங்கினார்கள், கதை எங்கே தொய்ந்தது என்று பிட்டுப் பிட்டு வைப்பார். முகத்துக்காகப் பேச மாட்டார். நாடகக் குழுத் தலைவர்களே ஓரமாக நின்று காதைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். வாழ்க்கையில் தனக்குக் கிடைத்த மரியாதைகளில் அவர் மனசார ரசித்தது அந்த ஒன்றைத்தான்.

இந்தச் சனிக்கிழமை, சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது மனைவி சொன்னாள்.

"நானும் வரேன்."

"எங்க?"

"நாடகத்துக்குத்தான். வேற எங்க?"

அவர் கையைத் துடைக்க மறந்து நின்றார். இத்தனை வருடத்தில் அவள் அந்த அரங்கத்துக்குள் வந்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம். இருட்டில் உட்கார்ந்தால் தனக்குத் தூக்கம்தான் வரும் என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டவள்.

"உனக்கு முட்டி வலிக்குமே. ரெண்டரை மணி நேரம் உக்காரணும்."

"வீட்டுல மட்டும் நின்னுட்டேவா இருக்கேன்?"

"டிக்கெட் வேற வாங்கணும்."

"இருக்கு."

"யார் குடுத்தது?"

"குடுத்தாங்க" என்றாள், பாத்திரத்தைக் கொஞ்சம் அதிகமாகவே சத்தப்படுத்தி.

யார் கொடுத்தார்கள் என்பது அவருக்குத்தான் தெரியாது, நமக்குத் தெரியும். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் மகள் போன வாரம் நேரே அம்மாவிடம் வந்தாள். சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, தான் நாடகத்தில் நடிக்கப் போவதைச் சொல்லி, டிக்கெட்டை அம்மா கையில் திணித்தாள். "அப்பாகிட்ட மூச்சு விடாதே. அவர் வழக்கம்போல வரட்டும். வழக்கம்போல பாக்கட்டும்" என்று வாக்கும் வாங்கிக்கொண்டாள்.

மாப்பிள்ளைக்கும் தெரியாது. சரக்குக் கப்பல் கம்பெனியில் வேலை. மாதத்தில் பாதி நாள் வெளியூர். மனைவி ஒத்திகைக்குப் போன மாலைகளையெல்லாம் அவர் ஓவர்டைம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆக, அந்த வீட்டில் உண்மை தெரிந்தவள் அம்மா ஒருத்திதான்.

பஸ்ஸில் போகும்போது மருந்துக்கடைக்காரர் குஷியாகிவிட்டார். மனைவிக்குப் பாடமே நடத்தினார்.

"மணி மூணு தடவை அடிப்பாங்க. மூணாவதுக்கு அப்புறம் பேசக் கூடாது. தூக்கம் வந்தா தூங்கிக்கோ, ஆனா குறட்டை விட்டுடாதே. என் மானம் போயிடும்."

"சரி."

"மேடையில யாராவது அழுதா நீயும் சேந்து மூக்கைச் சிந்தாதே. பக்கத்துல இருக்கறவங்களுக்குத் தொந்தரவு."

"சரிங்க."

"என்ன, எல்லாத்துக்கும் சரி சரிங்கற? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"கொஞ்சம் படபடன்னு இருக்கு."

"நாடகம் பாக்கறதுக்கு என்ன படபடப்பு? நடிக்கறவனுக்குத்தான் அதெல்லாம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அரங்கத்தில் டெய்லர் முன்னாலேயே வந்திருந்தார். பத்து வருடமாகப் பக்கத்து நாற்காலிக்காரர். நடிகர்களின் சட்டை மடிப்பு கோணலாக இருந்தால் நாடகம் முழுக்க முனகுவார். அவரும் முகத்துக்காகப் பேசத் தெரியாத ஆள். அதனால்தான் இருவருக்கும் ஒத்துப்போனது.

"அடேடே, அம்மாவே வந்துட்டாங்களா! இன்னிக்கு நாடகம் நல்லா இருந்தே ஆகணும்" என்று எழுந்து ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்து, அவளுக்கு இடம் விட்டார்.

வாசலில் கொடுத்த அச்சிட்ட தாளை மருந்துக்கடைக்காரர் படிக்காமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். நாடகத்துக்கு முன்னால் நடிகர்களின் பெயரைப் படிப்பது அவருக்குப் பிடிக்காது. பெயரைப் படித்துவிட்டால் அந்த ஆள்தான் தெரிவான், பாத்திரம் தெரியாது என்பார்.

மூன்றாவது மணி அடித்தது. விளக்குகள் அணைந்தன.

ஒரு தங்கும் விடுதி. அதை நடத்துகிற பெண்ணைப் பற்றிய கதை. மாடி அறையில் குடியிருந்த ஒருவன் அவளோடு ஒட்டும் உறவுமாகப் பழகிவிட்டு, ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறான். முதலில் இரண்டு விடுதிவாசிகள் வந்து ஏதோ சண்டை போட்டார்கள். 'சுமார்' என்று மருந்துக்கடைக்காரர் மனசுக்குள் எழுதிக்கொண்டார்.

பிறகு விடுதிக்காரி வந்தாள். இரண்டு கையிலும் தண்ணீர்க் குடம். முதுகு நமக்கு. கதவை இடது தோளால் தள்ளி, ஒரு காலால் அதைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் நுழைந்தாள்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த நுழைவு அவருக்குத் தெரியும். கை நிறையப் பாத்திரத்தோடு அவர் வீட்டுச் சமையலறைக்குள் அப்படி நுழைகிறவள் ஒருத்திதான்.

அவள் திரும்பினாள். முகத்தில் வெளிச்சம் விழுந்தது.

பாப்பா.

நாற்பது வயதாகியும் வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர்.

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?" பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"பேசக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள் அவள், கண்ணைத் திருப்பாமல்.

முதலில் அவருக்கு வந்தது கோபம்கூட இல்லை, பயம். யாராவது சிரித்துவிடுவார்களோ, பின்வரிசையிலிருந்து எவனாவது எதையாவது சொல்லிவிடுவானோ என்று பிடரியெல்லாம் காதாக உட்கார்ந்திருந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் யார் என்று அங்கே ஒருவருக்கும் தெரியவும் இல்லை, தெரிந்துகொள்ள அவசரமும் இல்லை. அவர்கள் விடுதிக்காரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மகளுக்கு ஐந்து வயதானதிலிருந்து அவர் பக்கத்து நாற்காலி அவளுடையதாகத்தான் இருந்தது. கால் தரைக்கு எட்டாத வயதில் ஆரம்பித்தது. வீட்டுக்கு வந்ததும், தூங்கி வழிந்துகொண்டிருக்கும் அம்மாவை எழுப்பி உட்கார வைத்து, பார்த்த நாடகத்தை முழுக்க நடித்துக் காட்டுவாள். ராஜாவும் அவளே, திருடனும் அவளே.

கல்லூரி விழாவில் அவள் நடித்ததைப் பார்த்துவிட்டு ஒரு நாடகக் குழுத் தலைவர் வீடு தேடி வந்தார். மருந்துக்கடைக்காரர் டீக்கடையில் வாயாரப் புகழ்கிற மனிதர் அவர். தன் வீட்டு நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பதில் இவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"பொண்ணை எங்ககிட்ட விடுங்க ஐயா. அடுத்த நாடகத்துல பெரிய வேஷம் இருக்கு. இந்த மாதிரி ஒருத்தர் அடிக்கடி அமைய மாட்டாங்க."

மருந்துக்கடைக்காரர் சிரித்தார். "நாங்க பாக்கறவங்க சார். ஏறுறவங்க இல்லை" என்றார்.

நல்ல வசனம் என்று அவருக்கே தோன்றியது. வந்தவரும் மரியாதைக்குச் சிரித்தார். மகள் கதவருகே நின்றுகொண்டிருந்தாள். அவளை ஒரு வார்த்தை கேட்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

கொஞ்ச நாளில் அந்த நாடகம் மேடையேறியது. மகளுக்கு என்று நினைத்த வேஷத்தில் வேறொரு பெண். அவர் போய்ப் பார்த்தார். வந்து, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, அந்தப் பெண்ணைப் பற்றி வாய் ஓயாமல் பேசினார். "கடைசியில திரும்பி ஒரு பார்வை பாத்தா பாரு, சபையே அப்படியே ஆடிப்போச்சு." மகள் டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அது நிறைந்து மேஜையில் வழிந்தது.

"பாத்து ஊத்தும்மா" என்றார்.

அடுத்த சனிக்கிழமை அவள் நாடகத்துக்கு வரவில்லை. தலைவலி என்றாள். மருந்துக்கடைக்காரர் மாத்திரை கொடுத்தார். அதற்கடுத்த வாரமும் தலைவலி என்றாள். அப்புறம் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார்.

மேடையில் விடுதிக்காரி மாடி அறைக்குப் போனாள். அறை காலி. அவன் போய்விட்டான் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிகிறது. வசனம் எதுவும் இல்லை. அவள் கட்டிலருகே போய், அவன் படுத்திருந்த விரிப்பை எடுத்தாள். உதறப் போனவள், உதறவில்லை. நாலு மூலையையும் சேர்த்து, ஏதோ உள்ளே இருப்பதைச் சிந்திவிடக் கூடாது என்பதுபோல மெதுவாக மடித்தாள். மடித்ததைத் தலையணைமேல் வைத்தாள். உடனே மறுபடியும் எடுத்துப் பிரித்து, அவன் திரும்பி வந்தால் படுப்பதற்கு என்பதுபோல விரித்துப் போட்டாள்.

அரங்கத்தில் ஒரு இருமல் இல்லை.

மருந்துக்கடைக்காரர் தன்னை மறந்து முன்னால் சாய்ந்திருந்தார். பழக்கம் அப்படி. மகள் என்பதையும் தாண்டி கண் அதன் வேலையைச் செய்யத் தொடங்கிவிட்டது. இது சாதாரண விஷயம் இல்லை என்று அந்தக் கண் சொன்னது.

அடுத்த காட்சியில் அவள் அழ வேண்டும். அதே கண், அங்கே வேறொன்றைச் சொன்னது. குரல் தொண்டையைத் தாண்டி வரவில்லை. கைகள் இரண்டும் இடம் தெரியாமல் தவித்தன, ஒன்று இடுப்புக்குப் போனது, ஒன்று நெற்றிக்குப் போய்ப் பாதியில் இறங்கியது. பின்வரிசையில் யாரோ நாற்காலியில் நெளிந்து உட்கார்ந்தார்கள். அந்தச் சத்தம் அவர் நெஞ்சில் தைத்தது. போன வாரம்வரை அந்தச் சத்தத்தை ரசித்து எண்ணிக்கொண்டிருந்தவர் அவர்.

இடைவேளையில் மூவரும் டீக்கடைக்கு வந்தார்கள்.

டெய்லர்தான் ஆரம்பித்தார். "யாருங்க அந்த விடுதிக்காரி? புதுசா இருக்காங்களே. அந்த விரிப்பை மடிச்ச இடம், அடேங்கப்பா! எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுடுச்சு."

மருந்துக்கடைக்காரர் டீயை ஊதினார்.

"ஆனா அழுகை சுத்தமா ஒட்டலை. பாவம், லேட்டா வந்திருக்காங்க. சின்ன வயசுலயே மேடை ஏறியிருந்தா இந்நேரம் எங்கேயோ போயிருப்பாங்க. எவனோ வீட்டுல பூட்டி வெச்சிருப்பான். நம்ம ஆளுங்களைத்தான் தெரியுமே!"

மனைவி டம்ளரைக் கையில் பிடித்தபடி கணவரைப் பார்த்தாள்.

"என்ன சார், இன்னிக்கு வாயே திறக்க மாட்டேங்கறீங்க?" என்று டெய்லர் விடவில்லை. "உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"எங்கேயோ பாத்த முகமா இருக்கு" என்றார் மருந்துக்கடைக்காரர்.

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்கு உறைத்தது. மனைவி குடிக்காத டீயைப் பெஞ்சின் மேல் வைத்தாள். ஒரு வார்த்தை பேசாமல், முட்டி வலியையும் மறந்து விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

இரண்டாம் பாதி முழுக்க அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. இருவருக்கும் நடுவில் இருந்த நாற்காலிக் கைப்பிடியில் வழக்கமாக டெய்லரின் கை இருக்கும். இன்று யார் கையும் அதில் இல்லை.

நாடகம் முடிந்தது. நடிகர்கள் வரிசையாக வந்து வணங்கினார்கள். மகள் ஓரத்திலிருந்து மூன்றாவது ஆள். கைதட்டல் நன்றாகவே இருந்தது. அவள் கண் நேரே மூன்றாவது வரிசைக்கு வந்தது. வந்து நின்றது. அவர் கைதட்டிக்கொண்டிருந்தார், ஆனால் முகத்தை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் பார்வையை எடுத்துக்கொண்டாள்.

கூட்டம் கலைந்தபோது டெய்லர் பையைத் தோளில் மாட்டினார். "வாங்க, டீக்கடைக்குப் போலாம். எல்லாரும் உங்க தீர்ப்புக்குத்தான் காத்துட்டிருப்பாங்க."

"இன்னிக்கு இல்லை" என்றார் மருந்துக்கடைக்காரர். பிறகு, "அது என் பொண்ணு" என்றார்.

"எது?"

"விடுதிக்காரி. எவனோ பூட்டி வெச்சிருப்பான்னு சொன்னீங்களே. நான்தான்."

டெய்லர் பையின் வாரை இழுத்துச் சரிசெய்தார். சரியாக இருந்ததையே மறுபடி சரிசெய்தார்.

"நல்லாத்தான் பண்ணுச்சு சார்" என்றார் கடைசியில். "அந்த அழற இடம்கூட... அவ்வளவு ஒண்ணும் மோசமில்லை."

பத்து வருடத்தில் டெய்லர் முகத்துக்காகப் பேசி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மேடைக்குப் பின்னால் போகும் வழி, மகள் சொல்லி வைத்திருந்ததால், மனைவிக்குத் தெரிந்திருந்தது, அவருக்குத் தெரியவில்லை. வாழ்நாள் முழுக்க அந்த அரங்கத்துக்கு வந்தவர், திரைக்கு அந்தப் பக்கம் காலே வைத்ததில்லை. குறுகலான நடை. சுவரில் சாய்த்து வைத்த தட்டிகள். விடுதியின் மாடிப்படி அங்கே வெறும் பலகையாகக் கிடந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

ஒப்பனை அறையில் மகள் மட்டும் இருந்தாள். கண்ணாடி முன் உட்கார்ந்து பஞ்சால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கன்னம் விடுதிக்காரியாகவும் ஒரு கன்னம் பாப்பாவாகவும் இருந்தது.

"நீ தூங்கலையாம்மா?" என்று கண்ணாடியிலேயே கேட்டாள்.

"கண்ணையே மூடலைடி. என் தங்கமே, எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா!" அம்மா அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். புடவையெல்லாம் பவுடர்.

மருந்துக்கடைக்காரர் கதவருகிலேயே நின்றார்.

"வாங்கப்பா. உக்காருங்க."

"இருக்கட்டும்."

"நீங்க ஒண்ணும் சொல்லலையே."

"நல்லா இருந்துச்சும்மா."

"அது அம்மா சொல்றது." அவள் நாற்காலியைத் திருப்பி அவரைப் பார்த்து உட்கார்ந்தாள். "நீங்க டீக்கடையில நின்னு சொல்வீங்களே, அதைச் சொல்லுங்க. நான் முன்னாடியே சொல்லியிருந்தா அப்பாவா வந்து உக்காந்திருப்பீங்க. அதான் சொல்லாம வர வெச்சேன்."

"வேண்டாம் பாப்பா."

"எனக்கு வேணும்ப்பா. உங்களை மாதிரி பாக்கத் தெரிஞ்சவங்க வேற யார் இருக்காங்க?"

அதில் குத்தல் இல்லை. நிஜமாகவே கேட்டாள். குத்தலாக இருந்திருந்தால் அவர் எதையாவது சொல்லித் தப்பித்திருப்பார்.

"அந்த விரிப்பை மடிச்ச இடம்" என்று ஆரம்பித்தார். "அந்த மாதிரி ஒண்ணை நான் பாத்ததில்லை. மறுபடியும் எடுத்து விரிச்சியே, அது நாடகத்துல எழுதியிருந்ததா?"

"இல்லை. ஒத்திகையில தானா வந்துச்சு."

"அதான். அதை யாரும் சொல்லிக் குடுக்க முடியாது."

"சரி. அழுத இடம்?"

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் உதவிக்கு வரவில்லை.

"ஒட்டலை" என்றார். "குரல் தொண்டையிலேயே நின்னுடுது. வயித்துலேர்ந்து வரணும். கை ரெண்டும் எங்க போறதுன்னு தெரியாம முழிக்குது. சனங்களுக்கு அந்த இடத்துல நீ விடுதிக்காரியாத் தெரியலை. நடிக்கறவளாத் தெரிஞ்சே."

"டைரக்டரும் அதைத்தான் சொன்னார். எத்தனை ஒத்திகை பாத்தாலும் வர மாட்டேங்குது." கையிலிருந்த பஞ்சைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "போகப் போக வந்துடுமா?"

"கொஞ்சம் வரும்."

"முழுசா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். சொன்னால் இவள் நம்பவும் மாட்டாள்.

"முழுசா வராது பாப்பா. அதெல்லாம் இருபது வயசுல உடம்புக்குள்ள போயிடணும். அப்ப போயிருந்தா..."

அதற்குமேல் அவரால் முடியவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் மீதி வாக்கியம் தெரியும்.

மகள் மெதுவாகத் தலையசைத்தாள். பரிசோதனைக் கூடத்தில் தினமும் எத்தனையோ பேருடைய ரிப்போர்ட்டை முதலில் பார்க்கிறவள் அவள். முகத்தில் எதையும் காட்டாமல் மடித்து உறையில் போட்டு நீட்டப் பழகியவள். இப்போதும் முகத்தில் எதையும் காட்டவில்லை.

"பாப்பா, அன்னிக்கு அவர் வீட்டுக்கு வந்தப்ப நான் உன்னை ஒரு வார்த்தை..."

"இப்ப வேண்டாம்ப்பா." அவசரமாகக் கையை நீட்டித் தடுத்தாள். "நாளைக்கும் காட்சி இருக்கு. அழுதேன்னா குரல் போயிடும்."

அவர் கதவருகிலிருந்து உள்ளே வந்தார்.

"இருக்கறதை வெச்சுப் பண்ணிக்கறேன்" என்றாள். "அந்த இடத்துல கையை எங்க வெச்சுக்கறது? அதையாவது சொல்லுங்க."

அவர் யோசித்தார். எத்தனை நாடகம், எத்தனை அழுகை பார்த்திருக்கிறார்! யாருடைய கை எங்கே இருந்தது என்று இப்போது கேட்டாலும் சொல்வார். இரண்டு கையையும் தூக்கினார். நெஞ்சுக்குக் கொண்டுபோனார். அது பொய்யாக இருந்தது. கீழே இறக்கி ஒன்றோடொன்று கோத்துப் பார்த்தார். கண்ணாடியில் தன் உருவம் தெரிந்தது. ஒரு கிழவர் ஒப்பனை அறை நடுவில் நின்று எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

கைகளைத் தொங்கவிட்டார்.

"தெரியலைம்மா. நான் உக்காந்து பாத்தவன்தானே."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்னச் சிரிப்புதான். அம்மாவும் சேர்ந்துகொண்டாள். அவரும் சிரிக்கப் பார்த்தார்.

மேஜையில் பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த போன் அடித்தது. அம்மா எட்டிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"மாப்பிள்ளை."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. மகள் அதை எடுக்கவில்லை.

"வேலையில இருக்கேன்னு சொல்லிடு" என்றாள் அம்மா. "நாள் பாத்துப் பக்குவமாச் சொல்லிக்கலாம்."

"ஒவ்வொரு நாளும் அதைத்தானே சொல்லிட்டிருக்கேன். இனிமே முடியாதும்மா. இன்னிக்குப் போட்டோ எடுத்திருக்காங்க. நாளைக்கு வேற யாராவது அவருக்குக் காட்டுவாங்க."

"எங்கிட்ட குடு" என்று மருந்துக்கடைக்காரர் கையை நீட்டினார். "நான் சொல்றேன். மாப்பிள்ளை என் பேச்சைத் தட்ட மாட்டார். உனக்காக நான் பேசறேன்."

மகள் போனைக் கையில் எடுத்தாள். அவரிடம் கொடுக்கவில்லை.

"கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணு பாக்க வந்தப்ப அவர் என்ன கேட்டார், ஞாபகம் இருக்கா? 'வீட்டுல நாடகப் பைத்தியம் யாரு, நீங்களா பொண்ணா'ன்னு சிரிச்சுட்டே கேட்டார். நீங்க என்ன சொன்னீங்க? 'அவளுக்கு அதெல்லாம் ஆகவே ஆகாது மாப்பிள்ளை. பேரைச் சொன்னாலே தலைவலி வந்துடும்'னு சொன்னீங்க. இன்னிக்கு வரைக்கும் அவர் அதைத்தான் நம்பிட்டிருக்கார். எங்கேயாவது நாடகம்னா எனக்காகத்தான் அவரும் போகாம இருக்கார்."

மருந்துக்கடைக்காரரின் கை நீட்டியபடியே இருந்தது. ஓய்ந்திருந்த போன் மறுபடியும் அடிக்கத் தொடங்கியது.

"எனக்காக நீங்க பேசினது போதும்ப்பா" என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. "கொஞ்ச நேரம் வெளியில இருங்க ரெண்டு பேரும்."

நடைக்கு வந்தார்கள். கதவை அம்மாதான் சாத்தினாள். உள்ளே மகள் "ஹலோ" என்பது கேட்டது. "இல்லைங்க, வேலையில இல்லை. கொஞ்சம் உக்காருங்க, ஒண்ணு சொல்லணும்" என்பதும் கேட்டது. அப்புறம் குரல் தணிந்துவிட்டது.

மேடைப் பக்கம் யாரோ ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அது நின்றபோது உள்ளேயிருந்தும் சத்தம் இல்லை. அவள் பேசி முடித்துவிட்டாள்போல. அந்தப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை பேசுகிறாரா, பேசாமல் இருக்கிறாரா, தெரியவில்லை.

மருந்துக்கடைக்காரர் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். பொறுக்க முடியாமல் தட்டப் போனார்.

மனைவி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்க" என்றாள். "அவ பேசட்டும்."